யூஜினா அழைத்த ஆசீர்வாதம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். நான்காம் மாடி யூஜினாவைப் பொறுத்தவரை மட்டும் அது வந்துகொண்டிருக்கிறது. காலைப் பூசைக்குப் புறப்படும்போது பொத்தானை அழுத்துவார், சற்று நிற்பார், பிறகு படியால் இறங்குவார். லிஃப்ட் வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் எடுக்கச் சொல்வார். வருகிற லிஃப்டுக்கு வழி மறிக்கக் கூடாதாம்.

அவருடைய வேண்டுதல் சொகுசுக்கானதல்ல. கணவர் புஷ்பராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். சர்க்கரை வியாதியால் அவருக்கு ஒரு கால் எடுக்கப்பட்டது. (இடது கால். வலது என்று சிலர் சொல்வது தவறு.) வைத்தியசாலையிலிருந்து மேலே கொண்டுவந்த பிறகு அவர் கீழே இறங்கவேயில்லை. கோயிலுக்குத் தூக்கிப் போகிறோம் என்று அயலவர்கள் கேட்டதற்கும் சீறினார்.

"சவப்பெட்டி மாதிரித் தூக்க வாறீங்களோ? அதுக்கு இன்னும் காலம் கிடக்கு!"

கோயிலில் உட்காரும் வாங்கில் தன் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடப்பதுதான் யூஜினாவின் துக்கம். கணவர் யார் கையிலும் தொங்காமல் இறங்கி வரவேண்டும். அதற்கு லிஃப்ட் வேண்டும்.

"என்ன யூஜினா, லிஃப்ட் எங்க வரைக்கும் வந்திச்சாம்?" என்று எதிர்வீட்டு உம்மு குல்தூம் கேட்பார்.

"சிரியுங்கோ. வந்தா முதல் ஏறுறது நீங்கதான், அந்த முழங்கால் நோவோட."

"நானும் துஆ கேக்கிறன். ரெண்டு பக்கத்தாலயும் கேட்டா வெரசா வரும்."

வேண்டியது கிடைத்த பிறகு அந்தோனியார் பெயரால் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யூஜினா பாணை முதலில் வாங்கினார். ஞாயிறு பின்னேரம் லிஃப்டை ஆசீர்வதிக்க வரும்படி ஃபாதரையும் அழைத்துவிட்டார். புது ஓட்டோ, புதுக் கடை என்று தினமும் ஆசீர்வதிக்கிறவர் அவர். லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஃபாதர் தீர்த்தத்தோடு வந்து நின்றபோதுதான் குடியிருப்போர் சங்கத் தலைவர் றேமண்டுக்கு விஷயம் தெரிந்தது.

"அக்கா, லிஃப்ட் ஓடாதே!"

"ஓடினாப் பிறகு எல்லாரும் நம்புவினம், றேமண்ட். அதுக்கு நான் எதுக்கு?"

பாண் வாங்க வந்தவர்களும் அயலவர்களும் கூடிவிட்டார்கள். ஃபாதர் தாமே பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரித்தார்கள், சிரிப்பு படிக்கட்டு வழியே மேலே ஏறியது. பாண் கூடையோடு நின்ற யூஜினா அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, ஃபாதர்" என்றார்.

அப்போது மேலேயிருந்து உம்மு குல்தூம் கூப்பிட்டார்: "றேமண்ட்! ஓடி வாங்க, புஷ்பராஜ் அண்ணன் கூப்பிடுறார்!"

றேமண்ட் இன்னும் இருவரோடு ஓடினார். மேலே நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். புஷ்பராஜ் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி உட்கார்ந்து தயாராக இருந்தாராம். "தூக்குங்கோடா. அவ அங்க தனிய நிக்கிறா" என்றாராம்.

இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய சத்தம் கேட்டது.

"சாய்க்காத! கப்பல் சாமானைக்கூட நான் இப்படி இறக்கினதில்லை!"

கதிரை கீழே வந்ததும் சிரிப்பு நின்றது. யூஜினா கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டில கட்டுற சாரத்தோடயே வந்தனீங்கள்? உடுப்பு அயன் பண்ணி வச்சிருக்கிறனே!"

"நீ இஞ்ச நிக்கிற நிலைக்கு நான் அங்க உடுப்புத் தேடுறதோ?"

யூஜினா கூடையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

ஃபாதர் தீர்த்தத்தோடு தடுமாறினார். "இப்ப எதை ஆசீர்வதிக்கிறது?"

"லிஃப்டைத்தான், ஃபாதர்" என்றார் யூஜினா, சிறிதும் விட்டுக்கொடுக்காமல்.

"இவன்களுக்கும் கொஞ்சம் தெளியுங்கோ" என்றார் புஷ்பராஜ். "என்னைத் திரும்ப மேல ஏத்தவேணும்."

"ஏத்துறது பிறகு. பின்னேரப் பூசைக்கு நேரமாச்சு" என்று யூஜினா வெளிவாசல் கதவை அகலத் திறந்தார்.