ராம் போதும் என்றான்

நானும் அவனும் வெவ்வேறு பத்திரிகைகளுக்குப் பகுதி நேர நிருபர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து பெரியபாளையம் வரை எங்கள் எல்லை. அச்சில் போட்டியாளர்கள், சாலையில் ஒரே பைக்கில் போகிறவர்கள்.

எங்களைப் போல இன்னும் இருவர் உண்டு. நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. சம்பவ இடத்துக்கு ஒருவன் போனால் போதும், படமும் விவரமும் நால்வருக்கும் வந்துவிடும். மற்ற மூவரும் மறுபடி விசாரிப்பதில்லை. போனவன் சொன்னதுதான் செய்தி. ஒருமுறை தச்சூர் அருகே கவிழ்ந்த லாரியில் செங்கல் இருந்ததாக ஒருவன் எழுதினான். மறுநாள் நான்கு பத்திரிகையிலும் செங்கல். உண்மையில் அது டைல்ஸ். வாசகர் யாரும் கேட்கவில்லை. லாரி உரிமையாளர் மட்டும் நால்வரையும் தனித்தனியாக அழைத்துத் திட்டினார். அதற்குப் பிறகும் நாங்கள் வழக்கத்தை மாற்றவில்லை.

சென்னையில் புதிதாகத் தொடங்கிய ஒரு செய்திச் சேனல் எங்கள் பகுதிக்கு ஒரு நிரந்தர நிருபரைத் தேடியது. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, கழுத்தில் மாட்ட அடையாள அட்டை. எழுதிய செய்திக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் காவலாளியிடம் யாரென்று விளக்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். என்னையும் அவனையும் சோதனைக்கு எடுத்தார்கள். காணொளியை நாமே எடுத்து, நாமே வெட்டி, குரல் சேர்த்து அனுப்ப வேண்டும். யார் முதலில், சுத்தமாக அனுப்புகிறார்கள் என்று பார்ப்பார்கள்.

என் லேப்டாப் பழையது. ராம் என்கிற நினைவகம் நான்கு ஜிபி, கோப்புகளை வைக்கச் சுழலும் ஹார்டு டிஸ்க். செய்தி தட்டச்சு செய்ய அது தாராளம். காணொளி என்றால் மூச்சு வாங்கும். ராமைக் கூட்டுவதா, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சுழலாத புது வகை எஸ்எஸ்டி போடுவதா என்று எனக்குக் குழப்பம். இரண்டையும் சேர்த்து மாற்றும் நிலையில் அந்த மாதம் நான் இல்லை. எங்கள் நால்வரில் கணினி தெரிந்தவன் அவன். ஒரு காலத்தில் திருவள்ளூரில் கணினி மையம் நடத்தியவன். அவனைத்தான் கேட்டேன்.

"ராம் போடு நைனா. நாலு ஜிபி வச்சிக்கினு வீடியோ வெட்டினா மூக்கால அழும்."

"எஸ்எஸ்டி போட்டா பறக்குதுன்னு சொல்றாங்களே?"

"ஆன் ஆவறது சீக்கிரம் ஆவும், அவ்ளோதான். ஆன் பண்ணிப் பண்ணி விளையாடவா வாங்குன? வேலை செய்யும்போது ராம்தான் பேசும். டப்பை வேஸ்ட் பண்ணாத."

இன்று அந்தப் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்த்தால், பெரிய பொய் என்று ஒரு வாக்கியத்தையும் பிடிக்க முடியாது. எஸ்எஸ்டி போட்டால் சீக்கிரம் ஆன் ஆகும் என்பது உண்மை. காணொளிக்கு ராம் வேண்டும் என்பதும் உண்மை. எந்த உண்மையை விட்டுவிட்டான் என்பதில்தான் விஷயம் இருந்தது. அன்று எனக்கு அது தோன்றவில்லை. குழுவில் வந்த செய்தியை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டேன். திருவள்ளூர் தேரடி பக்கம் ஒரு கடையில் கேட்டதைப் போட்டுக் கொடுத்தார்கள். ராம் எட்டு ஜிபி ஆனது. லேப்டாப் மட்டும் அப்படியே இருந்தது.

"புதுசுல அப்டித்தான், பழகிக்கும்" என்றான் அவன். கணினி பழகிக்கொள்ளுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சோதனைக் காலத்தில் ஒருநாள் சிப்காட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் கிடங்கு பற்றி எரிந்தது. இருவரும் அவன் பைக்கிலேயே போனோம். தீயணைப்பு வண்டிகளை எடுத்தோம், கிடங்கில் வேலை செய்த பெண்களிடம் பேசினோம். யாருக்கும் காயமில்லை. எதிரே இருந்த டிபன் கடையில் உட்கார்ந்து லேப்டாப்களைத் திறந்தோம்.

அவனுடையதும் என்னுடையதைப் போலவே பழையதுதான். முன்பெல்லாம் அது உயிர் பெறுவதற்குள் இருவரும் ஒரு டீ குடித்து முடித்துவிடுவோம். சோதனை தொடங்கிய பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான். அன்று அவன் டீ சொல்லவில்லை. மூடியைத் தூக்கினான், திரை வந்துவிட்டது. சுவரோரம் நகர்ந்து, திரை எனக்குத் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்தான். சண்டைக்காரர்கள் அப்படி உட்காருவார்கள். அதற்கு முன் அவன் என் தோளில் சாய்ந்துகொண்டுதான் வேலை செய்வான்.

என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காணொளியை ஏற்றினேன், உறைந்தது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று உண்டு. கணினியின் எந்தப் பகுதி திணறுகிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும். திறந்தேன். ராமில் பாதிகூட நிரம்பவில்லை. ஹார்டு டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது, இறங்கவே இல்லை. வாங்குவதற்கு முன் ஒருமுறை இதைத் திறந்திருந்தால் யாரையும் கேட்கத் தேவை இருந்திருக்காது.

"உன்னுதுல எஸ்எஸ்டி போட்டியா?" என்றேன்.

அவன் விரல்கள் நிற்கவில்லை. "ம்."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடி."

என்னிடம் ராம் போடச் சொன்னது பொங்கல் கழித்து.

"எனக்கு மட்டும் ராம்னு சொன்ன?"

"ராமும் நல்லதுதானே நைனா. எங்க போயிடப் போவுது?" சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "உன் ஊட்டுக்காரம்மா கம்பெனில சரக்கு செக் பண்ற கியூசில கீறாங்க. மாசம் பொறந்தா சம்பளம் வருது. எனக்கு இன்னா கீது சொல்லு? நீ தோத்தாலும் சோறு துன்னுவ."

"அதைச் சொல்லிட்டு ஜெயிச்சிருக்கலாமே."

"சொன்னா நீ வுட்டுக் கொடுத்திருப்பியா?"

விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவனுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது, அவன் பத்திரிகைக்கு அவன் நடையிலேயே நான் செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். அவன் ஆசிரியருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு நெருக்கமானவனிடம் ஒரு கேள்வி கேட்கும்போது, பதிலைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவன் காணொளி போய்ச் சேர்ந்தது. என்னுடையது போனபோது கிடங்கில் புகைகூட அடங்கிவிட்டது. திரும்பும்போது "ஏறு" என்றான். நான் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் அவன் காணொளிகள் நன்றாகவே இருந்தன. அடுத்த மாதம் நானே எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். அந்த ராமும் சேர்ந்து லேப்டாப் இப்போது அருமையாக ஓடுகிறது. இனி ஒன்றும் மாற்றத் தேவையில்லை.

சேனல் விதிப்படி அவன் குழுவிலிருந்து வெளியேறினான். இப்போது நாங்கள் மூவர்தான். யாராவது ஒருவன் எதையாவது அனுப்பினால், மற்ற இருவரில் ஒருவன் சம்பவ இடத்துக்கு போன் செய்து கேட்கிறான். அந்த ஒருவன் பெரும்பாலும் நான்தான். அனுப்பியவனுக்கு அது பிடிப்பதில்லை.

போன வாரம் அவன் அழைத்தான். பெரியபாளையம் பக்கம் தரைப்பாலம் மூழ்கிய செய்திக்கு அங்குள்ள வருவாய் ஆய்வாளரின் எண் வேண்டுமாம். கொடுத்தேன். சரியான எண்ணைத்தான் கொடுத்தேன். அவன் அதை எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான். பிறகு "ரொம்ப நன்றி" என்றான். இத்தனை வருடங்களில் எங்களுக்குள் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. "பரவாயில்லை சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.