உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி

இன்று தென்காசி டவுன் பஸ் மேலகரத்திலேயே நின்றுவிட்டது. குடிதண்ணீர் கேட்டு மறியல். நடுரோட்டில் ஒரு பாடை, அதன்மேல் எங்கள் கவுன்சிலரின் படம், படத்துக்கு மாலை. சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தது அந்தக் கவுன்சிலரின் மனைவி.

யாராவது இவரைப் பார்த்துவிட்டால்?

"இங்கன மாறி உக்காருதியளாக்கா?" என்றேன்.

"எதுக்கு? இருக்கட்டும்."

தண்ணீர் எங்கள் தெருவுக்கும்தான் வரவில்லை. கோஷம் போடக் கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் பாடை?

அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். கவுன்சிலரின் பக்கத்து வீட்டுக்காரி, எதிர்க்கட்சி. எழுந்து ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீய மதினி. கட்சியில கூப்பிட்டாவ, வந்தேன். அண்ணாச்சி மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்."

"வா. துட்டிக்கு அழ வந்திருக்க, குளிச்சிட்டு வா."

குரல் உயரவே இல்லை. வந்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

பஸ் நகர்ந்ததும் அவர் போனை எடுத்தார். "ஏங்க, சாப்ட்டியளா?" அந்தப் பக்கம் பதில் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

இப்போது கவுன்சிலர் கட்சியின் வாட்ஸப் குரூப்பில் அறிவிப்பு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பதிலுக்கு மறியலாம், எதிர்க்கட்சிக்காரர்களுக்கு இரண்டு பாடையாம்.

அன்றைக்கு என் பக்கத்தில் யார் வீட்டம்மா வந்து உட்காரப்போகிறாரோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரிலெல்லாம் தண்ணீர் எப்படிக் கேட்கிறீர்கள்?