ஆறு பேருக்கு ஒரு ஸஹன்

ஸைனம்புவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் வாயைப் பற்றி எழுத வேண்டும். அது சும்மா கிடந்திருந்தால் அவள் மனையியல் பக்கமே போயிருக்க மாட்டாள்.

நான் கணக்கு வாத்தியார். பெயர் தர்மலிங்கம், ஊர் பருத்தித்துறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தவர் பலீல் நானா. மிளகும் கொக்கோவும் வாங்கிக் காயவைத்து மாத்தளைக்கு அனுப்புகிறவர். அவருடைய மனைவிதான் ஸைனம்பு. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் சிரித்தால் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பலாபத்வல வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் தேதி குறிப்பதற்கு முன்னால் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். இருநூறு பேருக்குப் புரியாணி போடுவாள். உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள், மூடியைத் திறந்து ஆவியை மோந்து பார்த்தே "இன்னும் ஒரு பிடி" என்பாள். அந்த ஒரு பிடி ஒருநாளும் பிழைத்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் படிப்பித்தோம். தலைமை ஆசிரியர் யாகூப், நான், ஒரு மௌலவி. மூவருமே ஆண்கள் என்பதால், பெரிய பிள்ளையானதும் பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு டீச்சர் இருந்தால் அனுப்புகிறோம் என்று வாப்பாமார் சொன்னார்கள். யாகூப் மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதி எழுதிக் களைத்த பிறகு, கடைசியில் ஒரு பதில் வந்தது. உள்ளூரிலேயே பள்ளி இறுதிச் சோதனையில் ஆறு பாடம் சித்தியடைந்த பெண் ஒருவர் கிடைத்தால் நியமிக்கலாம் என்று.

ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியதில் ஸைனம்பு ஒருத்திதான் அகப்பட்டாள். கல்யாணத்துக்கு முன்பே ஐந்து பாடம் பாஸ் பண்ணியிருந்தாள். கணக்கு மட்டும் கவிழ்த்திருந்தது. அவளுக்கும் இதில் அவசரம் இருந்தது. மகள் ஹிதாயாவுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. என் வகுப்பில் முதலாவது பிள்ளை. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் படிப்பு என்று நினைக்க எனக்கே வயிறு எரியும். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆக, ஸைனம்பு பின்னேரங்களில் என்னிடம் கணக்குப் படிக்க வந்தாள். மூன்று மாதம் படித்தாள். கேத்திர கணிதத்தில் அவள் வரைந்த முக்கோணங்கள் எல்லாம் பார்க்க நல்ல லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றையும் நிறுவ அவளுக்கு வரவில்லை. "இது சமன்னு கண்ணுக்கே தெரியுதே மாஸ்டர், இன்னும் என்னத்த நிறுவுற?" என்பாள். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். ஒருநாள் புத்தகத்தை மூடி எறிந்துவிட்டுச் சொன்னேன்:

"விடுங்கோ தங்கச்சி. உங்களுக்கு உது சரிவராது. பேசாமல் மனையியலை எடுங்கோ. சோறு கறி ஆக்கிறதுக்கும் ஒரு சோதனையே? கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணலாம்."

வேலிக்கு அப்பால் முற்றத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்த பலீல் நானாவும் ஒத்து ஊதினார். "அதானே! எங்க ஊட்ல நெதமும் நடக்குற பாடம். இத்தன காலமா ஏன் இது யாருக்கும் தோணல்ல?"

அவளும் நம்பினாள். நாங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னோம். புத்தகத்தை வாங்கி, மேல் அட்டையைப் பார்த்து, அலுமாரியில் வைத்தாள். மாத்தளைக்குப் போய்ச் சோதனை எழுதினாள், செய்முறையும் செய்தாள், சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

பெறுபேறு வந்தது. பெயில்.

உக்குவளைக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷம் வரவில்லை. ஸைனம்பு சமையலில் பெயில்! கடைத்தெருவில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் பலீல் நானா கடைப் பாண் தின்றார். மூன்றாம் நாள் காலையில் என் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், நீங்க மூட்டின நெருப்பு. நீங்களே வந்து அணைங்க" என்றார்.

போனேன். சோதனையில் என்ன எழுதினாள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். 'ஆறு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை விபரிக்க' என்ற கேள்விக்கு, 'வழமை போல' என்று எழுதியிருக்கிறாள். வட்டிலப்பத்துக்குச் சேர்மானங்களை அளவோடு தரச் சொன்னதற்கு, 'எல்லாம் தேவையான அளவு'. எனக்கு அப்போதே சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "செய்முறையிலை என்ன கேட்டவை?" என்றேன்.

"ஆறு பேருக்குப் பகல் சாப்பாடு பரிமாற ஒழுங்கு பண்ணச் சொன்னாங்க."

"என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்ற? மேசைய ஒரு பக்கமாத் தள்ளிட்டு, வெள்ளத் துணிய விரிச்சு, நடுவுல ஒரு ஸஹன் வெச்சேன்."

இதை வாசிக்கிற எல்லாருக்கும் ஸஹன் தெரிந்திருக்காது. வாய் அகன்ற பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கறியும் வைத்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முஸ்லிம்களின் கல்யாண வீட்டில் இத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல மாட்டார்கள், இத்தனை ஸஹன் என்றுதான் சொல்வார்கள். ஆறு பேர் என்றதும் ஸைனம்புவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அங்கே பக்கத்து மேசைகளில் எல்லாரும் ஆறு பீங்கான், ஆறு கரண்டி, ஆறு முள்ளு என்று அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பாவம், இவங்க வீடுகள்ல பெரிய தட்டு இல்ல போல" என்று நினைத்திருக்கிறாள்!

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பலீல் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் கதவோரத்தில் ஹிதாயா நிற்பதைக் கண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப டீச்சர் வேற ஆரும் வருவாங்களா மாஸ்டர்?" என்றாள்.

சுவரிலிருந்து கையை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கப் போய் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். "லேசான பாடம்தானே தங்கச்சி, கொஞ்சம் கவனமாய் எழுதியிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"லேசா?" ஸைனம்பு எழும்பிவிட்டாள். "லேசுன்னு சொல்லித்தானே என்னக் குழியில தள்ளினீங்க! இந்தாங்க கேள்வித்தாள். நீங்க எழுதுங்க பாப்பம்!"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்தேன். பலீல் நானா கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக் காவலுக்கு நின்றார். ஆறு வருஷம் படிப்பித்த வாத்தியார் நான், எனக்கென்ன பயம்? இரும்புக் கறையை எப்படி நீக்குவது என்ற கேள்விக்கு, 'சவர்க்காரம் போட்டு நன்றாகத் தோய்க்க வேண்டும்' என்று எழுதினேன். காய்ச்சல்காரனுக்கு ஒருநாள் உணவுத் திட்டத்தில் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் கேள்வியில் முதலில் குழந்தையைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு, பிறகுதான் தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன்.

ஸைனம்பு அலுமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்து, முதல் தடவையாக விரித்து, என் தாளைத் திருத்தினாள். நூற்றுக்கு இருபத்தெட்டு. அதிலும் நாலு கையெழுத்துக்காகப் போட்டதாம்.

"பிள்ளைய அவிச்சிட்டீங்க மாஸ்டர்" என்றாள். பிறகு அடுத்த பக்கத்தைக் காட்டினாள். "சரி, இது செய்ய வேண்டியது எழுதியிருக்கீங்க. ஏன் அப்பிடிச் செய்யணும்னு காரணம் எங்க? காரணத்துக்குத்தானே பாதி மார்க்ஸ்?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன், எரிச்சலோடு.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, ரயில் நிலையத்துக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

"இதத்தான் நானும் எழுதினேன் மாஸ்டர்!"

அந்த வருஷம் அந்த வீட்டில் நடந்த கூத்துக்கு அளவில்லை. எதைத் தொட்டாலும் ஏன் என்று கேட்டாள். சோறு வடிக்கிற தண்ணீரில் என்ன போகிறது? ஜன்னல் இல்லாத அறையில் ஏன் தலை இடிக்கிறது? பலீல் நானா பாவம், ஒரு கோப்பைத் தேத்தண்ணி கேட்டால் அதிலுள்ள சத்துகளைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். "மாஸ்டர், கணக்கையே படிக்க விட்டிருக்கலாம்" என்று வேலியோரம் வந்து முறையிடுவார்.

அவளுக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. சோதனையில் கேட்பதுபோல நாலு பேருக்குச் சமைக்க அவளுக்குத் தெரியாது. ஆயுளில் சமைத்ததில்லை. எதைச் செய்தாலும் தெருவுக்கே காணும், தெருவும் குறை சொல்லாமல் சாப்பிட்டது. கடைசியில் இருநூறு பேருக்கு அவள் போடும் பிடிகளை ஒவ்வொன்றாகச் சுண்டு என்கிற சின்னப் படியில் அளந்து, தாளில் எழுதி, நாலு பேருக்கு என்ன வரும் என்று பிரித்துக் காட்டினேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஏழு பேருக்கு, பதின்மூன்று பேருக்கு என்று அவளே போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் தலைகீழாக நின்றும் நான் புகட்ட முடியாத கணக்கு அது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

முள்ளும் கத்தியும் அந்த வீட்டில் கிடையாது. பலீல் நானா மாத்தளையில் தெரிந்த ஒரு ஹோட்டல் சமையல்காரரிடம் ஆறு சோடி இரவல் வாங்கி வந்தார். ஒரு மாதம் அவர்கள் வீட்டில் மேசைச் சாப்பாடு. பலீல் நானா முள்ளால் இடியப்பம் சாப்பிடப் பழகினார். இடியப்பம் வாய்க்குப் போனதைவிட உடுத்திருந்த சாரத்தில் விழுந்ததுதான் அதிகம்.

செய்முறைச் சோதனை நாளன்று பலீல் நானாவும் நானும் மாத்தளையில் சோதனை மண்டப வாசல் மரத்தடியில் காத்திருந்தோம். எனக்குப் படிப்பிப்பு இருந்தது. லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'வயிற்று வலி' என்று போட்டேன். பொய்யுமில்லை. ஒரு மணிக்கு வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போன முற சோதிச்ச அதே மிஸ்தான் மாஸ்டர். சந்திரவதனா மிஸ். என்னப் பாத்ததுமே அடையாளம் கண்டுட்டாங்க."

பலீல் நானா "யா அல்லாஹ்" என்றார்.

இம்முறை வந்தது நோயாளிக்கு உணவு. குறையில்லாமல் செய்திருக்கிறாள். எல்லாம் முடிந்து வாய்மொழிக் கேள்விக்கு வந்தபோது, அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போன முறை மேசையைத் தள்ளிப்போட்டுக் கீழே பெரிய தட்டு வைச்ச ஆள் நீங்கள்தானே?" என்று கேட்டாராம்.

"ஓம் மிஸ்னு சொன்னேன். திரும்பவும் பெயில்தான்னு நெனச்சேன். 'ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?'னு கேட்டாங்க. ஏன்னு கேட்டதும் எனக்குப் பயம் போயிட்டுது மாஸ்டர். ஒரு வருஷமா அதத்தானே படிக்கிறேன்!"

பிறகு சொல்லியிருக்கிறாள். ஸஹனுக்கு முன்னால் உட்காரும்போது ஆறு பேருடைய கையையும் கழுவ வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறப்போம். மூத்தவர் தொடங்குவார். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. நல்ல துண்டை ஒருவர் தன் கையால் மற்றவர் பக்கம் தள்ளி வைப்பார். மெதுவாகச் சாப்பிடுகிறவர் முடிக்கும் வரைக்கும் மற்ற ஐந்து பேரும் கையை எடுக்காமல் சும்மா கிள்ளிக்கொண்டிருப்பார்கள், அவர் பசியோடு எழும்பிவிடக் கூடாதே என்று. சோறு வீணாகாது. கழுவ ஒரே தட்டு.

"கேட்டுட்டு மிஸ் கண்ணாடியத் திரும்பப் போட்டுக்கிட்டாங்க. 'இவ்வளவையும் போன முறை ஏன் சொல்லேல்லை?'னு கேட்டாங்க."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"'நீங்க கேக்கல்லியே மிஸ்'னு சொன்னேன்."

ரயில் பெட்டியில் இருந்த முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாராம். என்ன எழுதினார் என்று தெரியாமல் மூன்று மாதம் நாங்கள் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

பாஸ். வெறும் பாஸ் இல்லை, திறமைச் சித்தி. பலீல் நானா தபால்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாகூப் மாஸ்டர் அன்றைக்கே ஊரிலுள்ள வாப்பாமார் வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்து போனார். புதிய வருஷம் தொடங்கியபோது வீட்டோடு நின்றுபோன பதினொரு பெண்பிள்ளைகள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி உள்ளே வந்தார்கள். முன்னால் ஸைனம்பு டீச்சர், குடையோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் ஒரே சத்தம்தான். எந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று அவள் கேட்பது என் வகுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

நாலு வருஷம் கழிந்தது. அதே சோதனையை ஹிதாயா எழுத இரண்டு கிழமை இருந்தது. அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் நிறுத்தியிருக்க வேண்டிய வயது தாண்டி நாலு வருஷம். நான் வேண்டுமென்றே கடினமாகக் கொடுத்த கேத்திர கணிதத்தை ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி நிறுவி முடித்துக் கொப்பியை நீட்டினாள். பிழை பிடிக்க இடமில்லை.

"என்ன பிள்ளை, பயமில்லையோ?" என்றேன்.

"ஒங்க பாடத்துக்கு என்ன மாஸ்டர் பயம்? அது லேசு" என்றாள். "உம்மாட பாடத்த நெனச்சாத்தான் நித்திர வருதில்ல."