ஜெஸிந்தா டீச்சர் சொன்ன பாதிப் பாடம்

ஜெஸிந்தா டீச்சருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். மஞ்சூர் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருப்பவர்களோடு வாரத்துக்கு இரண்டு முறையாவது சண்டை போடாமல் அவருக்குப் பொழுது விடியாது. நான் அவருடைய பள்ளியிலேயே கணக்கு எடுக்கிறேன். ஒன்பது வருடமாக அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவர் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். ஜனவரியில் உலகமயமாதல் பாடம் வந்தது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்காது. குன்னூரில் ஏலம் போகும் தேயிலை எந்தெந்த நாட்டுக்குப் போகிறது, பிள்ளைகள் கையில் இருக்கும் போன் எங்கே செய்தது என்று கேட்டுக் கேட்டு வகுப்பைச் சூடாக்கிவிடுவார். நன்மைகளைச் சொல்லும்போது, திருப்பூர் பனியன் கம்பெனிகளால் எத்தனை பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே விளக்கினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. தீமைகளை அடுத்த வாரம் பார்ப்போம் என்று முடித்தார்.

அடுத்த வாரம் பிரியா வரவில்லை. நன்றாகப் படிக்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து ஆள் வருவதாகவும், அவள் பனியன் கம்பெனிக்குப் போகப்போவதாகவும் தோழிகள் சொன்னார்கள். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அன்று சாயங்காலமே டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். பிரியாவின் அம்மா சசிகலா லிங்கசாமியின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரோடு இன்னும் மூன்று பெண்கள். பொங்கலுக்கு முன்பு லிங்கசாமி சீனாவில் செய்த, கொழுந்து வெட்டும் பேட்டரி மிஷின் ஒன்று வாங்கினார். நான்கு பெண்கள் இரண்டு நாள் பறிப்பதை இரண்டு ஆண்கள் ஒரே காலையில் வெட்டி முடித்துவிட்டார்கள். நான்கு பேரும் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் திட்டுவதற்குத் தயாராகத்தான் வாயைத் திறந்தார். சசிகலா முந்திக்கொண்டார்.

"பனியன் கம்பெனில நல்ல வேலைன்னு டீச்சரே பாடத்துல சொன்னாங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நானும் சரின்னுட்டேன்."

டீச்சர் முகம் செத்துப்போனது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான் பாதியத்தாங்க சொன்னேன்," என்றார். "மீதியச் சொல்றதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு."

பிறகு ராத்திரி ஷிப்டு, வெளியே விடாத ஹாஸ்டல், பத்தாவதுகூட முடிக்காமல் போனால் காலம் பூராவும் ஹெல்பராகவே நிற்க வேண்டியிருப்பது எல்லாவற்றையும் சொன்னார். பிரியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரி, அடுப்பு எரிய என்ன செய்வது என்று சசிகலா கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் டீச்சர், அந்த மிஷினை நீங்களே ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டார். அது ஆண்கள் வேலையாம், முதலாளி தரமாட்டாராம்.

கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மறுநாள் காலை சசிகலாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் லிங்கசாமியின் தோட்டத்தில் நின்றோம். டீச்சர் பேசப் பேச அவர் சிரித்துக்கொண்டே நழுவினார். மிஷின் கனம், பொம்பளைகளால் முடியாது என்றார். பின்னால் நின்ற சசிகலா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, முப்பது கிலோ மூட்டையத் தலையில வெச்சு மேட்டுல ஏறுனப்ப எங்களுக்குக் கனம் ஆகும்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

லிங்கசாமி மிஷினை எடுத்துக் கொடுத்தார். முதல் வரிசையில் சசிகலாவின் கையில் அது ஏறி இறங்கி, முற்றிய கரட்டு இலையையும் சேர்த்து வெட்டியது. பேக்டரியில் எடுக்கமாட்டான் என்று அவர் முணுமுணுத்தார். மூன்றாவது வரிசையில் செடியின் மட்டத்துக்குக் கை நின்றது. எந்தச் செடி எவ்வளவு உயரம் என்று பதினைந்து வருடமாக அந்தக் கைக்குத் தெரியும். மிஷின் பிடித்த இரண்டு ஆண்களில் ஒருவன் எமரால்டு ஊருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டதால், அந்த இடத்தை சசிகலாவுக்கே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த திருப்பூர்க்காரர் வெறும் கையோடு திரும்பினார்.

திங்கட்கிழமை பிரியா வகுப்பில் இருந்தாள். பாதிப் பாடம் மட்டும் சொன்னது தன் தப்பு என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். பிறகு தீமைகளை நடத்தினார். முடிவில், வெளிநாட்டு மிஷின் நமக்கு வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டார். பிரியா எழுந்தாள்.

"எங்கம்மாவுக்கு நல்லதுங்க டீச்சர். அம்மாகூடப் பறிச்ச மூணு பேரு இன்னும் ஊட்லதான் இருக்காங்க. அவங்க ஊட்டுக்கும் வர்றீங்களா?"

டீச்சர் புத்தகத்தை மூடி, எந்தத் தெரு என்று கேட்டார்.