டிரெசர் கிரிகரி பெயர் ஒட்டிய குழாய்கள்

புக்கிட் கெலாடி ரப்பர் தோட்டத்து டிரெசர் கிரிகரிக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு பெருமை இருந்தது. அவர் பெயர் லண்டனில் அச்சாகியிருந்தது. டாக்டர் வராத நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருப்பவர்தான் டிரெசர். அப்படிப்பட்டவர்கள் கிளாங் சுற்று வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஒருவர் இருந்தார்கள், அவர்கள் பெயரெல்லாம் மருந்துச் சீட்டைத் தாண்டிப் போனதில்லை. கிரிகரியின் பெயரோ கப்பல் ஏறி, சீமைக்குப் போய், ஒரு வைத்தியப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆள் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

1913இல் தோட்டத்தைக் காய்ச்சல் ஆட்டிப் படைத்தது. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் இருநூறு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நூறு பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கிளாங்கிலிருந்து மாதம் இரண்டு முறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் தொரை, எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளர்ந்து இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று ஆராய ஆரம்பித்திருந்தார். தம் பொறுப்பில் இருந்த எட்டுத் தோட்டத்து டிரெசர்களுக்கும் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிக் குழாய்களைக் கொடுத்தார். கொசுப் புழுவைப் பிடித்துக் குழாயில் போட்டு, அதன் மேல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எந்த இடம், என்ன தேதி, என்ன மாதிரித் தண்ணீர், எடுத்தவர் யார் என்று சீட்டில் நான்கு கோடுகள் இருந்தன.

கிரிகரி பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். செருப்பும் சப்பாத்தும் கழற்றாமல் வளர்ந்த கால். முதல் வாரம் முழுக்கச் சதுப்புக் கரையில் குனிந்து குனிந்து முதுகு விட்டுப் போனதுதான் மிச்சம். பிடித்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவாத கொசு என்று டாக்டர் தொரை திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் மாரியாயி வாயைத் திறந்தாள். அவள் ஆஸ்பத்திரி கூட்டிக் கழுவுகிறவள், இருபது வயது இருக்கும். முந்தைய வருஷம் காய்ச்சலில் தன் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். புருஷன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

“ஐயா, அந்தக் கறுப்புத் தண்ணியில தேடாதீங்க. அங்க இருக்கிறது கடிக்கும், அம்புட்டுத்தான். காய்ச்சலு அதுல வரல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சதுப்புக்குப் பக்கத்து லயத்து வீடுகள்ல எத்தன பேரு படுத்திருக்காங்க? மூணு பேரு. மேட்டு லயத்துல வீட்டுக்கு வீடு படுத்துக் கெடக்கு. அங்க சதுப்பு ஏது? ஓடைதான் இருக்கு. காட்ட வெட்டி வெயிலு விழுந்த பொறவுதான் அங்க காய்ச்சலு வந்திச்சு. அந்த நல்ல தண்ணியிலதான் என்னமோ இருக்கு.”

குடிக்கிற தண்ணீரில் கொசுவா என்று கிரிகரி சிரித்தார். சிரித்தாலும் போனார். மாரியாயி சூரியனைப் பார்த்தபடி ஓடையில் இறங்கினாள். நிழல் தண்ணீரில் விழுந்தால் புழு அடியில் போய்விடும் என்பதை அவளாகவே கண்டுவைத்திருந்தாள். கையில் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கிண்ணம், மங்கு என்பார்கள். கரையோரப் புல்லின் வேரை உரசிக்கொண்டு தண்ணீர் மெல்ல நகரும் ஒரு முழ இடத்தைக் காட்டி, அங்கே மட்டும் மங்கைச் சாய்த்தாள். நான்கு புழுக்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் மல்லாந்த குச்சி மாதிரிக் கிடந்தன. டாக்டர் தொரை எட்டுத் தோட்டத்திலும் தேடிக்கொண்டிருந்த கொசு அதுதான்.

கிரிகரி சீட்டை எடுத்தார். இடம், தேதி, தண்ணீர் எல்லாம் எழுதினார். எடுத்தவர் என்ற கோட்டில் எல். கிரிகரி என்று எழுதினார். யோசித்து எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் எந்தக் காகிதம் ஆனாலும் அவர் கையெழுத்துத்தானே போகும்! அன்றைக்கு யோசிக்காமல் எழுதினார் என்பதை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு நானூற்றுப் பதினொரு குழாய்களில் எழுதினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டாக்டர் தொரைக்கு ஒரு முறை இருந்தது. யார் பெயரில் எத்தனை குழாய் வந்திருக்கிறது என்று எண்ணுவார். அதிகம் யாரோ அவருக்குப் புகழ். அடுத்த தோட்டத்து டிரெசர் கபிரியேல் தொண்ணூறு குழாயோடு நின்றுவிட்டார். அவர் ஒரு தடவை கேட்டார்: “எப்படிண்ணே ஒங்களுக்கு மட்டும் இம்புட்டு கெடைக்குது?” கிரிகரி, “எல்லாம் பழக்கம்தான்” என்றார். அதே நேரத்தில் மேட்டு ஓடையில் மாரியாயி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

1916இல் கட்டுரை வந்தது. தலைப்புக்குக் கீழே டாக்டர் தொரையின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. நல்ல தண்ணீரில் நோய் இருக்கக்கூடும் என்று முதலில் சந்தேகித்தது தாம்தான் என்று அதில் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் சேகரித்த தோட்ட டிரெசர் எல். கிரிகரிக்கு நன்றி என்று ஒரு வரி. கிரிகரிக்குப் பெருமையும் பொங்கியது, வயிறும் எரிந்தது.

“பாரு, எல்லாத்தயும் நான் எடுத்துக் குடுத்தேன். அவரு என்னமோ தானே கண்டுபிடிச்ச மாதிரிப் போட்டுக்கிட்டாரு” என்று மனைவி சாந்தமேரியிடம் குறைபட்டுக்கொண்டார்.

சாந்தமேரி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க தண்ணியில எறங்குனீங்களா?”

அந்த வாரம் முழுக்க அவர் மனைவியோடு பேசவில்லை. அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டதும் அந்த வாரம்தான்.

மேட்டு ஓடையில் புழு சாக எண்ணெய் தெளித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. லயத்தில் பிள்ளைகள் பிழைத்துக் கிடந்தன. மாரியாயி காலையில் ஆஸ்பத்திரி கூட்டினாள், மத்தியானம் ஓடை ஓடையாகப் போய் எண்ணெய் எங்கே தேவை என்று பார்த்துவந்து சொன்னாள். அவள் சொன்னதைக் கிரிகரி இங்கிலீஷில் எழுதினார். முதல் குழாயிலிருந்து கணக்கிட்டால் பதினேழு வருஷம் இப்படி ஓடியது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. 1930இல் தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, குறைத்த ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புக்கிட் கெலாடியில் அறுபது பேரின் பட்டியல் வந்தது. மாரியாயியின் பெயர் அதில் இருந்தது. அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

“அங்க போயி நான் என்னத்தய்யா செய்வேன்? சின்னப் புள்ளையில வந்தவ. எம் புள்ளயப் பொதைச்ச எடமும் இங்கதான் இருக்கு. நீங்க தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கய்யா.”

கிரிகரி தோட்டத்து மானேஜர் தொரையிடம் போனார். மானேஜர் ஈவிரக்கம் இல்லாதவர் இல்லை. “கொசு வேலைக்கு இந்தப் பெண் அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நிறுத்திக்கொள்கிறேன்” என்றார். மறுநாளே கிரிகரி பஸ் ஏறி கிளாங்கில் டாக்டர் தொரையின் அலுவலகத்துக்குப் போனார். வழியெல்லாம் இங்கிலீஷில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனார்.

டாக்டர் தொரை அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “இவள் பெயரில் ஒரு குழாய்கூட இல்லையே, கிரிகரி. எல்லாம் உங்களுடையது.”

இதோ, உண்மையைச் சொல்ல வாசல் திறந்தது. அவை என்னுடையவை அல்ல, அவள் எடுத்தவை, நல்ல தண்ணீரைச் சந்தேகப்பட்டதும் அவள்தான். இதைச் சொன்னால் போதும். சொன்னால் பதினான்கு வருஷமாகச் சுவரில் தொங்குகிற வரி பொய்யாகும். டாக்டர் தொரையின் கட்டுரையும் கொஞ்சம் பொய்யாகும், அதை அவர் ரசிக்க மாட்டார். ஆள் குறைக்கிற காலத்தில் டிரெசருக்கும் வேலை நிச்சயமில்லை, வீட்டில் நான்கு பிள்ளைகள்.

“உதவியாக இருந்தாள், சார்” என்றார் கிரிகரி.

“எந்த மாதிரி உதவி? பெட்டி தூக்கினாளா?”

“ஆமாம், சார்.”

டாக்டர் தொரை பதிவேட்டை மூடினார். பெட்டி தூக்க யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மன்னிக்க வேண்டும் என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்த ‘ஆமாம், சார்’ கிரிகரியை அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. பூசையில் முழந்தாள் படியிட்டால் வந்தது. காய்ச்சல்காரனின் நாடியைப் பிடித்தால் வந்தது. பத்து நாள் கழித்து மாரியாயி ஒரு துணி மூட்டையோடு லோரியில் ஏறி போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போனபோது, தனக்காக டாக்டர் தொரை வரைக்கும் போனாரே என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிரிகரி அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது?

1935இல் படம் பிடிக்க வந்தார்கள். டாக்டர் தொரை ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பப் போகிறார், மலேரியாவை அவர் வென்ற கதையைப் படமாக எடுத்து ஊர் ஊராகக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. படத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் பொறுப்பு. அவர் குடை நிழலில் உட்கார்ந்து சொல்வார், கேமராவைத் தோளில் சுமந்து, இடம் பார்த்து, கைப்பிடியைச் சுழற்றியதெல்லாம் ஒரு சீனர். படத்தின் முதல் அட்டையில் யார் பெயர் வரும் என்று கிரிகரி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் உழைக்க இன்னொருவர் பெயர் வரும் அந்தக் காட்சியை அவர் உள்ளிருந்தே பார்த்தவர்.

படத்துக்குப் புழு வேண்டும் என்று மேட்டு ஓடையில் எண்ணெய் தெளிப்பதை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். புழுவைக் கண்டுபிடித்த டிரெசர், கண்டுபிடித்தபடியே மறுபடி செய்துகாட்ட வேண்டும். கிரிகரி வெள்ளைக் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சூரியனைப் பார்த்து நின்றார். அது ஞாபகம் இருந்தது. மங்கைச் சாய்த்தார். வெறும் தண்ணீர். இரண்டடி தள்ளிச் சாய்த்தார். வெறும் தண்ணீர். புல் வேர், மணல் மேடு, கல் இடுக்கு என்று நாற்பது தடவை முகந்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சீனர் கேமராவைத் துணியால் மூடிவிட்டுக் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புழு இருந்தது. அதில் சந்தேகமே இல்லை, மேட்டு லயத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் அங்கே இல்லை. கிரிகரி ஈரக் காலோடு கரையேறி, வெள்ளைக்காரரிடம் நேராகவே சொன்னார்: “சார், இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. மாரியாயி என்று ஒரு பெண். எல்லாக் குழாயும் அவள் எடுத்தது. என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.”

ஐந்து வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் ஒரு உயிர் இந்த மண்ணிலேயே தங்கியிருக்கும். இப்போது வெள்ளைக்காரர் அவர் தோளைத் தட்டினார். “நல்ல வேலைக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்” என்று சொல்லி, கிளாங்கிலிருந்து ஒரு குழாய் புழுவை வரவழைத்து மங்கில் கொட்டச் சொன்னார். சீனர் கைப்பிடியைச் சுழற்றினார்.

அடுத்த வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சாயங்காலம் படத்தைக் காட்டினார்கள். ஊமைப் படம். திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். படத்தில் இருப்பவரே சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று கிரிகரியையே கூப்பிட்டார்கள். ரயில்வேக்காரர்களும் குடும்பங்களும் நிறைந்திருந்தார்கள். அவருடைய பால்ய சினேகிதர்கள் பாதிப் பேர் முன்வரிசையில் இருந்தார்கள். சாந்தமேரி பின்னால் பெண்கள் பக்கம் இருந்தாள். கையில் இருந்த அச்சடித்த விளக்கத்தைக் கிரிகரி ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்தார். திரையில் அவர் முகம் பெரிதாக வந்தது, மங்கில் புழு நெளிந்தது, மண்டபம் கைதட்டியது.

கிரிகரி தாளை மடித்தார்.

“கை தட்டாதீங்க. இது பொய்” என்றார். “அந்தப் புழு வேற எடத்துலேருந்து கொண்டாந்து ஊத்துனது. இந்த ஓடைய மொதமொத கண்டுபிடிச்சது நான் இல்ல, டாக்டரும் இல்ல. எங்க ஆஸ்பத்திரியில கூட்டுன மாரியாயி. அவளக் கப்பலேத்தி அனுப்பிட்டாங்க. நான் வாயத் தொறந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்க.”

படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்த அந்த ஒரு நிமிஷம் கிரிகரிக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சை முழுதாக இழுத்துவிட்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் சபாபதி, தங்கமான மனுஷன். அவர் குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

“டிரெசரண்ணே, நான் வர்ற மாசம் கப்பலேறி ஊருக்குப் போறேன். மூணு மாசம் லீவு. அந்தம்மா எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு, ‘உன் பேர சபையில சொன்னாங்க’ன்னு நேர்ல சொல்லிட்டு வரேன். எந்த ஊரு? அவங்கப்பா பேரு என்னா?”

கிரிகரி வாயைத் திறந்தார். தஞ்சாவூர்ப் பக்கமா, சேலத்துப் பக்கமா? பதினேழு வருஷம் தினமும் பார்த்தவள். என்றைக்காவது சொல்லியிருப்பாள், சொல்லாமலா இருந்திருப்பாள்? எல்லோரும் அவரையே பார்த்துக் காத்திருந்தார்கள். சபாபதி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

“தெரியலண்ணே” என்றார் கிரிகரி. “நான் கேட்டதே இல்ல.”