அறுபத்தாறு அடி நீள உபகாரம்

படகு வாடகைக்கு விடும் துறையிலிருந்து வந்த படிவத்தின் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: “குழுத் தலைவர் என்பவர் உடல் வலுவும் முன்னனுபவமும் உள்ளவராக இருத்தல் வேண்டும். தயங்காமல் முடிவெடுப்பவராகவும், நெருக்கடியில் உரத்த குரலில் கட்டளையிட வல்லவராகவும் இருத்தல் அவசியம். படகில் அவர் சொல்லே இறுதியானது.” அதற்குக் கீழே பெயர் எழுத ஒரு கட்டம்.

கிளெண்டா ப்ளூர் ஐந்தடி உயரம். ஸ்டோக் நகர மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் மற்றவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். சந்தையில் யாராவது காலை மிதித்துவிட்டால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஒரு முறை துணிக்கடையில் இடித்துக்கொண்ட பொம்மையிடமும் கேட்டிருக்கிறாள். இதுவரை போன இரண்டு படகு விடுமுறைகளிலும் அந்தக் கட்டத்தில் இருந்தது அவள் அக்காள் கணவர் ட்ரெவரின் பெயர். திட்டம் போட்டது, சமைத்தது, நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுகளைத் திறந்து மூடியது எல்லாம் கிளெண்டா. ட்ரெவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கென்றே ஒரு தொப்பி வைத்திருந்தார்.

கிளெண்டாவுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. தாண்ட்லி கிளைக் கால்வாயின் கடைசி முனை வரை போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறையும் பத்தொன்பதாம் பாலத்தில் ட்ரெவர் படகைத் திருப்பிவிட்டார். காரணம், பாலத்துக்கு எதிரே ‘கறுப்புக் கிடா’ என்று ஒரு மதுக்கடை; அங்கே மாட்டிறைச்சியை மாவில் பொதிந்து சுட்டுத் தரும் ‘பை’ அவருக்குப் பிடிக்கும். முதல் முறை, “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார், வாய் நிறைய மாட்டிறைச்சியுடன்.

பாலத்துக்கு அப்பால் இன்னும் நாலு மைல், ஏழு மதகு. காரில் போனால் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்.

“அப்ப ஒரு நாயித்துக்கெழம கார்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாமே, கண்ணு,” என்று அவள் கணவர் கிளிஃப் ஒருமுறை சொன்னார்.

“கார்ல போய்ப் பாக்கற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல,” என்றாள் கிளெண்டா.

கிளிஃப் அதை இரண்டு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்த வருடம் மட்டும் ‘அடுத்த தடவை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. செப்டம்பரில் கிளிஃபுக்கு முழங்கால் அறுவை. முதலில் இடது, பிறகு வலது. அதன்பின் படகிலிருந்து கரைக்குத் தாவுகிற வேலையை மறந்துவிடும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். ஜூன் மாதத்தில் ஒரு வாரம். கடைசி வாய்ப்பு அதுதான்.

எனவே ஜனவரியிலேயே கிளெண்டா சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டாள். மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாத படகு அது. அதில் ஏறி ஓய்வெடுக்கப் போகிறவர்கள் ரயில்வேக்காரர்களைவிடக் கறாராக நேரக் கணக்குப் பார்ப்பார்கள். மைலுக்கு இருபது நிமிடம், மதகுக்கு இருபது நிமிடம். கிளெண்டா கால்வாயின் வளைவுகளில் நூலை வைத்து அளந்தாள், அளவுகோலில் வைத்துப் பார்த்தாள், கூட்டினாள். முதல் திட்டத்தைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

“எனக்கு எதுவானாலும் சரி” என்று அக்காள் நோரீன் எழுதினாள்.

“எனக்கும்” என்றார் ட்ரெவர்.

எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கிளிஃப் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

அந்தக் குடும்பத்தில் ‘எதுவானாலும் சரி’ என்பதற்குச் சம்மதம் என்று பொருளல்ல. நீ முடிவு செய், பிறகு நான் குறை சொல்கிறேன் என்று பொருள். மறுநாளே நோரீனுக்குப் புதன்கிழமை பல் மருத்துவரிடம் போக வேண்டியது நினைவுக்கு வந்தது. “என்னால உங்க திட்டம் கெட வேணாம்டி, நான் வழியில எறங்கி டாக்ஸி புடிச்சுக்கறேன்,” என்றாள், யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு. கிளெண்டா இரண்டாம் திட்டம் போட்டாள். ட்ரெவருக்கு ‘ஒரு சின்ன யோசனை’ வந்தது: காலையில் ஒன்பதரைக்கு முன் கிளம்ப வேண்டாமே. மூன்றாம் திட்டம். மழை குறைவு என்று கிளைக் கால்வாயின் மதகுகளைப் பிற்பகல் மூன்று மணிக்கே பூட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே அப்போது பத்தாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. கிளெண்டா ஜன்னலைப் பார்த்தாள், அறிவிப்பைப் பார்த்தாள், அடுப்பைக் கழற்றி உள்ளேயெல்லாம் தேய்த்துக் கழுவினாள்.

நோரீன் ஒருவழியாகப் பல்லைத் தள்ளிப்போட்டாள். நாலாவது திட்டம் பொருந்தியது. செவ்வாய்க்கிழமை இரண்டே முக்காலுக்குக் கடைசி மதகு, நாலு மணிக்கு முனை. இரவு அங்கேயே. நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். மையால் போடத் துணிவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை, படகுத் துறையிலிருந்து பெவ் என்ற பெண் கூப்பிட்டாள்.

“ஒரு கெட்ட சேதி, ஒரு நல்ல சேதி, கண்ணு. நீங்க கேட்ட அம்பத்தேழு அடிப் படகோட இன்ஜின கழட்டிப் போட்டிருக்கோம், ஜூனுக்குள்ள சேராது. அதுக்குப் பதிலா அறுபத்தாறு அடிப் படகு தரேன். ரெண்டு குளியலறை. கூட ஒரு பென்னி வேணாம்.”

“ஐயோ, எங்களுக்காக அவ்வளவெல்லாம் எதுக்கு...” என்றாள் கிளெண்டா. “ரொம்ப நன்றிங்க. நிஜமாவே ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. நன்றி.”

தொலைபேசியை வைத்த பிறகுதான் வரைபடத்தைப் பார்த்தாள். படகின் நீளத்துக்குக் கால்வாயின் அகலம் எந்த மூலைக்கும் போதாது. ஆகவே கரையை வெட்டி அகலப்படுத்திய சில இடங்களில் மட்டும்தான் படகைத் திருப்ப முடியும். தாண்ட்லி முனையில் அப்படி ஓர் இடம் உண்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘அறுபது அடி வரை மட்டும்.’ அறுபத்தாறு அடிப் படகைத் திருப்பக்கூடிய கடைசி இடம் எது என்று விரலை வைத்துக்கொண்டே போனாள். விரல் பத்தொன்பதாம் பாலத்தில், கறுப்புக் கிடாவுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

“ரிவர்ஸ்லயே வந்துட முடியாதா?” என்று கிளிஃப் கேட்டார்.

“நாலு மைலு, கிளிஃப். பின்னால போறப்ப அந்தப் படகு யார் சொல்றதையும் கேக்காது. ட்ரெவர் மாதிரி.”

“அப்ப போன் பண்ணி, வேணாம்னு சொல்லிடேன்.”

“எப்படிச் சொல்றது? நன்றி சொல்லிட்டேனே!”

“ஒரு தடவதான?”

கிளெண்டா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். “நல்ல மனசுன்னு வேற சொல்லிட்டேன்.”

கிளிஃபுக்கு அது புரிந்தது. அவரும் அந்த ஊர்க்காரர். திருடிய பொருளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நன்றி சொல்லி வாங்கியதை எப்படிக் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நோரீனும் ட்ரெவரும் வந்தார்கள். கிளெண்டா வறுத்த உருளைக்கிழங்கைப் பரிமாறிவிட்டுப் பேச்சை எடுத்தாள். எடுத்தாள் என்பதைவிட, மேசை மேல் வைத்துவிட்டு யாராவது எடுப்பார்களா என்று பார்த்தாள்.

“பெரிய படகுல ஒரே ஒரு சிக்கல்தான்...”

“ரெண்டு குளியலறை!” என்றார் ட்ரெவர். “கிளெண்டா, உன்ன என்னமோன்னு நெனச்சேன். சாமர்த்தியக்காரிதான்.”

“முனையில திருப்ப முடியாது, ட்ரெவர்.”

“அதனால என்ன? பத்தொம்பதுல திருப்பிக்குவோம். இடம் பழக்கமாயிடுச்சு. அந்தக் குழம்ப இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளு.”

“அந்த முனையில அப்படி என்னதான்டி இருக்கு?” என்றாள் நோரீன்.

கிளெண்டா யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. “ஒரு சுவர். பழைய சுண்ணாம்புக் காளவாய். ஒரு டீக்கடை, வியாழனும் சனியும் தொறந்திருக்கும்.”

“நாம என்னைக்குப் போறோம்?”

“செவ்வாய்.”

ட்ரெவர் சிரித்த சிரிப்பில் பட்டாணி மேசை விரிப்பில் உருண்டது. நோரீனும் சிரித்தாள். கிளிஃப் சிரிக்கவில்லை, ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளெண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி. உங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லுங்க. பெரிய படகா, சின்னதா? முனைக்கா, பாலத்துக்கா? நீங்க சொல்றத நான் செய்றேன்.”

“ஏன்டி கோவப்படற? எனக்கு எதுவானாலும் சரி,” என்றாள் நோரீன்.

“எனக்கும் அப்படித்தான்,” என்றார் ட்ரெவர். “எப்பவுமே அப்படித்தான். என்னை மாதிரி ஒத்துப்போற ஆளு கெடைக்கமாட்டான்.”

கிளிஃப் வாயைத் திறப்பதற்குள் கிளெண்டா இனிப்பை எடுத்து வர உள்ளே போய்விட்டாள். அங்கே கஸ்டர்டைத் தேவைக்கு அதிகமான நேரம் கலக்கினாள்.

திங்கட்கிழமை மூன்று முறை தொலைபேசியை எடுத்தாள், மூன்று முறை வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சொல்ல வேண்டியதைப் பழைய உறை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்... நீங்க எவ்வளவோ பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க... என்னை மன்னிச்சிடுங்க, அந்தப் படகு... அது ரொம்ப நல்ல படகுதான்...”

“நீளமா இருக்கா?” என்றாள் பெவ்.

“நீளமா இருக்குங்க.”

“இத வெள்ளிக்கெழமையே சொல்லியிருக்கலாமே, கண்ணு! எனக்கும் அத வேற ஆளுக்குக் குடுத்தா நல்லதுதான். ஆனா அந்த வாரத்துக்கு வேற என்ன இருக்கு... ஒண்ணே ஒண்ணுதான். முப்பத்தெட்டு அடி. அது உங்களுக்கு ஆகாது. ரெண்டு பேருதான் படுக்கலாம்.”

கிளெண்டா உறையைப் பார்த்தாள். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். அது அறுபதடி இடத்துல திரும்புமா?”

“அதுவா? குளியல் தொட்டியிலயே திரும்பும்.”

கிளிஃப் சமையலறைக்குள் நொண்டிக்கொண்டு வந்தார். கிளெண்டா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “ரெண்டு பேரு மட்டுந்தானாம்” என்றாள்.

“எனக்கு எதுவானா...” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “எடு அத.”

“சுக்கான் நீ புடி. உன் முட்டிக்கு அதான் நல்லது. மதகெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“அப்ப நீ என்ன பெரிய தலைவர்? வழக்கம்போல வேல செய்யற.”

“எங்க திருப்பணும்னு நான் சொல்லுவேன்.”

வாட்ஸ்அப் குழுவில் அவள் எழுதியது இவ்வளவுதான்: “படகு மாற்றியாயிற்று. முப்பத்தெட்டு அடி, இருவருக்கு. எதுவானாலும் சரி என்று சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. பெரிய படகு இன்னும் இருக்கிறதாம், ட்ரெவர். வேண்டுமானால் பெவ்விடம் கேட்கவும்.”

ட்ரெவர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. நோரீனிடமிருந்து, “அப்போ நான் தள்ளிப்போட்ட பல் மருத்துவர்?” என்று வந்தது.

கிளெண்டா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். படிவத்தை இழுத்து மைப் பேனாவை எடுத்தாள். பயணிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு என்றும், குழுத் தலைவர் என்ற கட்டத்தில் கிளெண்டா ப்ளூர் என்றும் எழுதினாள்.