தகடு இல்லாத அடுப்புகள்

கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் விறகு அடுப்பு மாட்டிக் கொடுப்பது என் தொழில். அடுப்பு நன்றாக எரிந்தால் சமையல்காரரைப் பாராட்டுவார்கள், வேறு ஏதாவது எரிந்தால் என்னைத் தேடுவார்கள்.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், லிப்ட் மெக்கானிக் என்று, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று வேலை கொடுப்பவர்கள் சொல்வதைத் தினமும் கேட்டு நொந்தவர்களுக்கு என் பிழைப்பு புரியும். கேஸ் விலை ஏறியது. விறகு அடுப்புச் சமையல் என்று போர்டு வைப்பதும் நாகரிகமாகிவிட்டது. உடனே காயலான் கடைகளில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு அடுப்புகளுக்கெல்லாம் கிராக்கி. யார் செய்தது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லும் தகடு எதிலும் இருக்காது. சுத்தியலால் தட்டி, டார்ச் அடித்து விரிசல் தேடி, நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. என் அக்கா மல்லிகா கல்யாணச் சமையல் கோஷ்டியில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போகிறவள். சுற்று வட்டாரத்தில் எந்த அடுப்பை மாட்டினாலும் என்றைக்காவது அதன் வாய்க்கு முன்னால் அவள் உட்காருவாள். இந்த நினைப்பு இல்லாமல் நான் ஒரு போல்ட் கூட முடுக்கியதில்லை.

அக்னி மூலை

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு மண்டபம். சமையல்கட்டின் தென்கிழக்கு மூலையில்தான் அடுப்பு வர வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லியிருந்தார். அந்த மூலைக்கு வெளியே, சுவரை ஒட்டி, பக்கத்து வீட்டு வைக்கோல் போர் கூரை உயரத்துக்கு நிற்கிறது. அடுப்பின் புகைக்குழாயிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் வாளி தூக்க வேண்டியதுதான்.

வடக்குச் சுவர்ப் பக்கம் வைத்தால் குழாயை நேராக மேலே ஏற்றலாம், உச்சியில் பொறி தடுக்கும் வலையும் போடலாம் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். மண்டபக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த மனிதர் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டே என் தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கண்டக்டர் விசில் சத்தத்துக்கு நடுவே அவர் பேசி முடித்ததும், மண்டபக்காரர் என்னிடம் சொன்னார்:

"போரை வேணா நகர்த்தச் சொல்லிப் பாக்குறேங்க. மூலையை நகர்த்த முடியுமா?"

புகை எங்கே?

மயிலாடுதுறையில் ஒரு பிரியாணிக் கடை. வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்த பாய் ஒருவர் ஆரம்பித்தது. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தார். சூடு தாங்கும் செங்கல், கனமான குழாய், தகரக் கூரையைக் குழாய் தொடாமல் இருக்க இரட்டை வளையம், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒரு மனிதரா என்று வீட்டில் போய் அக்காவிடம் சொன்னேன்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் அவசரமாகக் கூப்பிட்டார். பதறிக்கொண்டு ஓடினேன். அடுப்பு அருமையாக எரிந்துகொண்டிருந்தது. சமையல்கட்டில் கண் எரியவில்லை, யாரும் இருமவில்லை. பாய் மட்டும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைப் பாதியில் வெட்டி, வாசல் பக்கமாகத் திருப்பி விட வேண்டுமாம்.

"புகையே தெரியலையே தம்பி. வர்றவங்க கேஸ்ல ஆக்குறோம்னு நெனச்சிட மாட்டாங்களா?"

உபயம்

ஒரத்தநாடு பக்கம் சிதம்பரம் என்பவர் புதிதாக மண்டபம் கட்டினார். காயலான் கடையிலிருந்து பெரிய அடுப்பு ஒன்றை வாங்கி வந்திருந்தார். தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. பின்பக்கம் விரிசல், களிமண் பூசி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து விற்றிருந்தார்கள். போதாததற்குக் குழாயை இரண்டு இடத்தில் மடக்கி, படுக்கை வாட்டில் கொண்டுபோகச் சொன்னார். கல்யாண வீடியோவுக்கு டிரோன் பறக்கும்போது குழாய் தெரிந்தால் அசிங்கமாம். அப்படி மடக்கினால் கரி அடைத்து, போகிற தீ திரும்பி அடுப்பு வாய்க்கே வரும் என்றேன். கேட்கவில்லை. மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறொருவர் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார்.

தீத்தடுப்புச் சோதனைக்கு வந்தவர் அடுப்பைச் செய்தவர் பெயருள்ள தகடு எங்கே என்று கேட்டிருக்கிறார். சிதம்பரம் நேரே பாத்திரக் கடைக்குப் போய், எவர்சில்வர் தகட்டில் தன் அப்பா பெயரைப் போட்டு, முன்னால் 'உபயம்' என்றும் வெட்டி வாங்கி, அடுப்பு நெற்றியில் ஒட்டிவிட்டார். எப்படியோ சான்றிதழும் வந்துவிட்டது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது ஸ்கூட்டரை நிறுத்திச் சொன்னார்:

"பேரு கேட்டாங்க, பேரு போட்டாச்சு. இன்னும் என்னங்க குறை ஒங்களுக்கு?"

ஆப்பிளும் பிரெட்டும்

அந்த மண்டபத்தில் ஐப்பசியில் ஒரு கல்யாணம். போகாதே என்று அக்காவிடம் சொன்னேன். கோஷ்டியோடு போகாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று போனாள். மழையில் நனைந்த விறகு, கரி அடைத்த குழாய். குனிந்து ஒரு கட்டையைத் தள்ளியிருக்கிறாள். தீ வெளியே வந்து முழங்கை வரைக்கும் வலது கையையும் கழுத்தையும் பிடித்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்கு ஒன்றும் இல்லை. விரல்கள் மடங்க நாளாகும், பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

சிதம்பரம் ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், அவர் அதற்குள் அக்காவிடம், "ஒங்க தம்பி அன்னைக்கே மாட்டிக் குடுத்திருந்தா இந்த நெலமை வருமாம்மா?" என்று கேட்டுவிட்டார். பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். போன பிறகு, நீயாவது அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அக்காவிடம் கத்தினேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அவரு சொல்றது தப்பா தம்பி? நீ மாட்டேன்னு வந்துட்டே. அடுப்பு மாட்டாமலா கெடந்துச்சு?"

முடியாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் இந்தத் தொழிலில் பாதுகாப்பானது, சொல்கிறவனுக்கு மட்டும்.